இரண்டாம் மதிப்பீட்டாளரின் நான்காவது கேள்வி

நீதான் அவளை வீட்டுக்கு அனுப்பினாய். வேறு யாருமில்லை, நீதான். முகம் காட்டாமல், பேர் சொல்லாமல், எந்த ஊரோ எந்த நாடோ, நாலு வரி தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாய். இங்கே ஒரு பெண்ணின் ரப்பர் பூட்ஸ் கட்டைப்பையில் மடங்கித் திரும்பி வந்தது. இப்படி மனசுக்குள் யாரென்றே தெரியாத ஒருவனோடு மல்லுக்கு நின்றுகொண்டு, பதினேழாம் எண் ஹாலில் கடைசி பெஞ்சுக்கும் கரும்பலகைக்கும் நடுவே அமலோற்பவம் நடந்துகொண்டிருந்தாள். வெளியே கார்த்திகை மழை பிடித்திருந்தது. இருபத்தைந்து பிள்ளைகள் வணிகவியல் பரீட்சை எழுதினார்கள்; பத்து மணிக்கு ஆரம்பித்தது ஒரு மணிக்கு முடியும். அவள் விலங்கியல் வாத்தியார், கேள்வித்தாளில் இருந்தது அவளுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. நடப்பதும், கை தூக்கினால் கூடுதல் தாள் கொடுப்பதும், நூல் கொடுப்பதும்தான் வேலை. மேற்பார்வைக்கு வருகிறவர்கள் போனைப் பிரின்சிபால் அறைத் தட்டில் வைத்துவிட வேண்டும். வைக்கப்போன அந்த நிமிஷத்தில்தான் அந்தச் செய்தி வந்தது, அவளுடைய ஆராய்ச்சி மாணவி சண்முகவடிவிடமிருந்து, அவள் அம்மாவின் போனிலிருந்து. ‘மேம், என் பேரை எடுத்துட்டு எச்.ஓ.டி. கோயில்ராஜ் சார் பேரைப் போட்டு அனுப்பிருங்க. உங்க கட்டுரையாவது வரட்டும். அப்பாவுக்கும் நிம்மதி.’ பதில் தட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது. உங்க கட்டுரை என்கிறாள். உங்க கட்டுரையாமே. பதினான்கு மாசம், ஆறாயிரத்துச் சொச்சம் நண்டு, ஒவ்வொன்றையும் புரட்டி, வயிற்று மடல் திறந்து, சினை இருக்கிறதா இல்லையா பார்த்து, ஓட்டின் அகலம் அளந்து எழுதியவள் அவள். கட்டுரையில் முதல் பேர் அவளுடையது, இரண்டாவதுதான் அமலோற்பவத்தினுடையது. திருத்தி ஏற்றுவதற்குப் பத்திரிகை கொடுத்த தொண்ணூறு நாள் இன்று சாயங்காலம் ஐந்து மணியோடு முடிகிறது. அதற்குள் அந்தப் பேரை வைப்பதா எடுப்பதா. மூன்றாவது வரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். தாள் கொடுத்தாள். தாளைக் கொடுத்த கை தன்னுடையதுதானா என்று ஒரு கணம் பார்த்தாள்.

பத்திரிகை கட்டுரையைப் பேர் மறைத்துச் சோதிக்கக் கொடுத்த மதிப்பீட்டாளன் நீ, மூன்று கேள்வி வரை மனுஷன் மாதிரிதான் கேட்டிருந்தாய். மாதிரி அளவு போதுமா, அட்டவணையைப் படமாக்கக் கூடாதா, இன்னின்ன மூன்று கட்டுரைகளை மேற்கோள் காட்டவில்லையே. அந்த மூன்று கட்டுரையில்தான் உன் குட்டு உடைந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அமலோற்பவம் தனியாக அனுப்பிய கட்டுரைக்கும் இதே பத்திரிகையில் ஒருவன் இதே மூன்றைத்தான் மேற்கோள் காட்டச் சொன்னான். மூன்றையும் எழுதியது ஒரே ஆள், முழுப் பேர்கூட இல்லை, இரண்டு இனிஷியலும் ஒரு குடும்பப் பேரும்தான். தன் சரக்கைத் தானே கூவி விற்கிறவனை மீன் ஏலக்கடையில் வளர்ந்தவளுக்கா அடையாளம் தெரியாது? அப்போதும் இரண்டாம் மதிப்பீட்டாளர் நீதான். அப்போது என்ன எழுதினாய்? ‘ஆசிரியர் தம்முடைய துறைமுகத் தொடர்புகளைத் திறமையாகப் பயன்படுத்தியிருக்கிறார். ஏலத்துக்கு முன் பத்து நிமிடம் வலையில் வந்த பிடிபாட்டைத் தன் வசம் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு புதுமையானது, பாராட்டத்தக்கது.’ ஐயா, பாராட்டத்தக்கதா அது. பாராட்டு யாருக்குப் போனது தெரியுமா, அவளுடைய அப்பாவுக்கு. பத்திரிகையின் பாரத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருந்தது. நம் ஊரில் ஏது அப்படி இரண்டு பெயர், அப்பாவின் முதல் எழுத்து, அப்புறம் நம் பெயர், அவ்வளவுதானே. இ. அமலோற்பவம் என்று போட்டால் ஓரெழுத்து செல்லாது என்று கட்டம் சிவந்து சிவந்து காட்டியது. சரி போ என்று இனிஷியலை விரித்து முதல் கட்டத்தில் இக்னேசியஸ் என்று அப்பா பெயரைத் தட்டினாள். கட்டுமரத்தில் போய் நாற்பத்தொரு வயதில் கரைக்கு வராமலே போன மனுஷன், கையெழுத்துக்குப் பெருவிரல் வைத்தவர், கடலுயிரியல் பத்திரிகையில் ‘அன்புள்ள டாக்டர் இக்னேசியஸ்’ ஆனார். அவள் சிரித்தாள். திருத்தவில்லை. ஏன் திருத்தவில்லை? அதுதான் இத்தனை நாளாக மீன் முள் மாதிரிக் குத்திக்கொண்டு கிடக்கிறது. பதில்கள் மரியாதையாக வந்தன, வேகமாக வந்தன, சந்தேகமே இல்லாமல் வந்தன. கிடைத்த விலை நல்ல விலை என்று வாயை மூடிக்கொண்டு வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள். அன்றைக்கே ‘நான் பொம்பளைடா’ என்று ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் உனக்குக் கொஞ்சமாவது நாக்கு கூசியிருக்குமோ என்னவோ. இந்தத் தடவையும் அதே துறைமுகம், அதே பத்து நிமிஷம், ஏற்பாட்டைச் சொல்லும் அந்த வாக்கியம்கூட அதேதான், பழைய கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்தது. அதைப் படித்துவிட்டு நீ நான்காவது கேள்வி கேட்டாய். ‘இரண்டு பெண்கள், எந்தத் துணையுமின்றி, பதினான்கு மாதம் விடியலுக்கு முன்னால் மீனவர்கள் மத்தியில் நின்று பிடிபாட்டைக் கையாண்டார்கள் என்பது நம்பும்படியாக இல்லை. இதை உண்மையில் செய்துகொடுத்த ஆண் யார்? அவர் பெயர் ஏன் ஆசிரியர் பட்டியலில் இல்லை?’

யாரும் இல்லையடா. அந்த ஏற்பாட்டை முடிக்க அமலோற்பவம் ஒருத்தியே போதும். பன்னிரண்டு வயதில் அம்மாவோடு கூடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தவள், விலை கேட்கிறவன் கண்ணைப் பார்த்தே எங்கே நிற்பான் என்று சொல்வாள். ஏலம் கூறுகிற தொம்மை அண்ணனிடம் போய் நின்றாள். “அண்ணே, பத்து நிமிசம் நண்டு என் கையில, அப்புறம் உங்க கையில.” “ஏன், நீ என்ன நண்டுக்கு சோசியம் பாக்கப் போறியா?” “ஆமா. ஓடு கனத்து உள்ள சதையில்லாத நண்டு எதுன்னு பொறுக்கித் தனியாப் போட்டுத் தாரேன். யாவாரி ஒருத்தன் உங்கள ஏசமாட்டான்.” தொம்மை அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “வாத்திச்சி, நீ படிச்சதும் போதும், கெடுத்ததும் போதும், எடுத்துக்க,” என்றார். அவ்வளவுதான் உன் புதுமையான ஏற்பாடு. வடிவு முதல் வாரம் நண்டைப் பிடிக்கத் தெரியாமல் கடி வாங்கினாள். உப்பளத்துப் பக்கம் வளர்ந்தவள், அவள் வீட்டில் நண்டே வாங்க மாட்டார்கள். இரண்டாவது மாசம் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி, “ஏட்டி, சும்மா இரு, அளந்துட்டு விட்டுருதேன்,” என்று நண்டோடு பேசிக்கொண்டே அளந்தாள். மீன்காரிகள் அவளுக்கு அளவுக்காரி என்று பேர் வைத்தார்கள். சினை நண்டு வலையில் எந்த மாசம் கூடுதலாக வருகிறது, எந்த அகலத்தில் முதல் சினை பிடிக்கிறது என்று அவள் கண்டு சொன்னதைக் கேட்டு அந்த மாசம் வலையின் கண்ணைப் பெரிதாக்கியவன்கூட இருக்கிறான். கட்டுரை அனுப்பும்போது அவள்தான் சொன்னாள், “மேம், இனிஷியல் மட்டும் போட்டுக்கலாமே. இப்ப ஓரெழுத்தும் ஏத்துக்கிடுது. போட்டோ கட்டாயமில்லன்னுதான் போட்டிருக்கு.” அமலோற்பவத்துக்குச் சுர்ரென்று வந்தது. அப்பா பெயரில் பாராட்டு வாங்கின வெட்கம் ஆறு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் கோபமாக வந்தது, அந்தப் பிள்ளை மேல். “யாருக்குட்டி பயந்து ஒளியுத? முழுப் பேரைப் போடு. பூட்ஸ் மாட்டிக்கிட்டு நண்டோட நிக்கியே, அந்தப் போட்டோவைப் போடு.” போட்டாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நீ கேட்டாய். அவள் கேட்டபடி விட்டிருந்தால் இரண்டு எழுத்துதான் இருந்திருக்கும், இரண்டு எழுத்தைப் பார்த்து நீ ஆண் என்றே எண்ணிக்கொண்டு போயிருப்பாய், கட்டுரை வந்திருக்கும், அவள் ஆய்வேட்டைக் கட்டி மேசையில் வைத்திருப்பாள். ஒரு கட்டுரையாவது அச்சில் வராமல் பல்கலைக்கழகம் ஆய்வேட்டை வாங்காது. அப்படியானால் அவளை வீட்டுக்கு அனுப்பியது யார்? இல்லை, இல்லை, நீதான். நான் கதவைத் திறந்தேன். தள்ளியது நீ.

பதினொன்றரை மணி அடித்தது. துறைத்தலைவர் கோயில்ராஜ், அன்றைக்கு ஹால் ஹாலாகச் சுற்றிவருகிற பொறுப்பு அவருக்கு, குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து அட்டெண்டென்ஸில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டார். “என்ன மேடம், நண்டு கரையேறிச்சா?” “ஏறல சார்.” “என் பேரைப் போட்டுருங்கன்னு எத்தன வாட்டி சொல்லுதேன். அவன் ஒரு ஆம்பளயத்தான கேக்கான்? நான் இருக்கேன்லா. போட்டோ வேணும்னா தாரேன், மீசையோட எடுத்தது ஒண்ணு இருக்கு.” அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்ததில் எரிச்சலும் வந்தது. “சார், நீங்க கடைசியா ஹார்பருக்கு எப்பப் போனீங்க?” “பையன் மூணாங்கிளாஸ் படிக்கைல. கப்பல் காட்டக் கூட்டிட்டுப் போனேன்.” “அவன் இப்ப?” “அவனுக்கே பையன் இருக்கான்.” அவரும் சிரித்துவிட்டார். அப்புறம் முகம் மாறி, “எனக்கு இதுல ஒண்ணும் இல்ல மேடம். எட்டு மாசத்துல ரிட்டையர்டு. களப்பணியை மேற்பார்வை செய்தவர்னு ஒரு வரி, அந்தப் பிள்ள டாக்டர் பட்டம் வாங்கிரும். அநியாயமாப் போகுதேன்னுதான்,” என்றார். உண்மையைத்தான் சொன்னார். ஆய்வகத்துக்கு ஒரு குளிர்ப்பெட்டி வாங்கித் தர நிர்வாகத்தோடு ஒற்றை ஆளாய் மோதினவர். இப்படிப்பட்ட நல்லவர்களோடு எப்படிச் சண்டை போடுவது? கெட்டவனென்றால் வாயில் வந்ததைச் சொல்லலாம். “ஐஞ்சு மணிக்குள்ள முடிவு பண்ணுங்க,” என்று குடையை எடுத்துக்கொண்டு அடுத்த ஹாலுக்குப் போனார். வடிவு தன் பேரையே எடுக்கச் சொன்னது அவருக்குத் தெரியாது.

அவர் நினைக்கிற மாதிரி அது ஒரு வரி இல்லை. அந்த வரி எங்கே போய் விழும் என்று அவருக்குத் தெரியாது, வடிவின் அப்பா வந்த அன்று அவர் லீவு. மதிப்பீட்டுக் கடிதம் இரண்டு ஆசிரியருக்கும் போனது. வடிவின் மெயில் வீட்டில் அவள் அண்ணனின் கம்ப்யூட்டரில் திறந்து கிடந்தது. அண்ணன் வாசித்தான். இங்கிலீஷில் வாசித்து, தமிழில் சொன்னான், சாப்பாட்டு நேரத்தில், எல்லார் முன்னாலும். மூன்று கேள்வி யாருக்கும் புரிந்திருக்காது. நான்காவது எல்லாருக்கும் புரிந்தது. மறுநாளைக்கு மறுநாள் முத்துவேல் வந்தார், உப்பள மேஸ்திரி, முழங்கால் வரை உப்பு அரித்த கால்கள், விலங்கியல் துறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கட்டைப்பையை மேசை மேல் வைக்காமல் தரையில் வைத்தார். பூட்ஸ், நண்டு அளக்கிற வெர்னியர், பிளாஸ்டிக் கையுறை. “டீச்சர், எண்ணிப் பாத்துக்கிடுங்க.” “என்னய்யா இது?” “வெளிநாட்டுக்காரன் எழுதியிருக்கான். அந்த ஆம்பள யாருன்னு கேக்கான். எம்புட்டோ தூரத்துல இருக்கவனுக்கே தோணியிருக்கு. பெத்தவன் நான் கேக்காண்டாமா?” “அப்படி யாருமே கிடையாதுய்யா. நான்தான் கூட நின்னேன். நீங்களே ஒரு நாள் வந்து பாருங்க.” “நான் எம் பிள்ளய நம்புதேன் டீச்சர்.” அவர் குனிந்து பையை அவள் பக்கம் நகர்த்தினார். “ஊரு நம்பாது. காயிதத்துல எழுதிட்டான்லா.” அவள் பேரம் பேசினாள். வாழ்க்கையில் பேசிய பேரத்திலெல்லாம் பெரிய பேரம். ஆறு மாசம் கொடுங்கள் என்றாள், மூன்று மாசம் என்றாள், துறைமுகமே வேண்டாம், லேபில் மட்டும் உட்காரட்டும் என்றாள், கடைசியில் வாய்மொழித் தேர்வுக்கு ஒரே ஒரு நாள் அனுப்பினால் போதும் என்றாள். ஒவ்வொரு படியாக இறங்கினாள், அந்த மனுஷர் எதிர்விலையே சொல்லவில்லை. எதிர்விலை சொல்லாதவனிடம் என்ன பேரம் நடக்கும்? “தை பதினாறு கல்யாணம்னு தேதி வச்சாச்சு டீச்சர். நீங்க வரணும்.” கும்பிட்டுவிட்டுப் போனார். இப்போது கோயில்ராஜ் பேரைப் போட்டால் என்ன ஆகும்? கட்டுரை வரும். வந்ததும் அண்ணன் அதையும் வாசிப்பான். துறைமுகத்தில் கூட நின்ற ஆள் இன்னார் என்று அச்சிலேயே வரும். நீ கேட்ட கேள்விக்கு நாங்களே பதில் சொன்ன மாதிரி ஆகும், ஆமாம், ஒருத்தர் இருந்தார் என்று. போடாவிட்டால் நீ கட்டுரையைக் குப்பையில் போடுவாய். வடிவின் பேரை எடுத்துவிட்டு அவர் பேரைப் போட்டால் எல்லாருக்கும் நிம்மதி. நண்டை அளந்தவள் மட்டும் துறைமுகத்துக்கு வந்ததே இல்லை என்றாகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பிள்ளை மேலேதான் காலை வைத்து நடக்க வேண்டியிருக்கிறது. நடந்து நடந்து கரும்பலகைக்கு வந்துவிட்டாள், திரும்பினாள்.

இங்கே எழுதுகிற இருபத்தைந்து பேரில் யார் யார் என்று திருத்துகிறவனுக்குத் தெரியாது. பரீட்சை முடிந்ததும் பேரும் பதிவு எண்ணும் உள்ள முகப்பைக் கிழித்து எடுத்துவிட்டு ஒரு டம்மி நம்பர் போட்டுத்தான் திருத்தக் கொடுப்பார்கள். பொண்ணா பையனா, எந்த ஊர், யார் பிள்ளை, ஒன்றும் தெரியக் கூடாது. எழுபத்தைந்து மார்க் பேப்பருக்கு இவ்வளவு காபந்து. அங்கேயோ தலைகீழ். எழுதினவள் படத்தோடு வெளிச்சத்தில் நிற்க வேண்டும், திருத்துகிற நீ இருட்டில் உட்கார்ந்திருப்பாய். திடீரென்று அவளுக்கு ஒரு யோசனை தட்டி நடை நின்றது. நீ ஆண் என்று யார் சொன்னது? நீ பெண்ணாகவும் இருக்கலாமே. அப்படியே துணையில்லாமல் எங்கேயோ நின்று, நாலு பேர் கேட்டதையெல்லாம் கேட்டு, கடைசியில் அதே கேள்வியை அடுத்தவளிடம் கேட்கிறவளாக இருக்கலாமே. ஒரு பெண் அப்படிக் கேட்க மாட்டாள் என்று நினைக்கப் போனபோதுதான் அது நினைவுக்கு வந்தது. ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்க நேர்காணல் நடந்த அன்று வந்தவர்கள் இரண்டு பேர். பையனிடம் நண்டைப் பற்றிக் கேட்டாள். வடிவிடம் முதல் கேள்வியே, “இடையில கல்யாணம் கில்யாணம்னு போயிர மாட்டியே?” கேட்டது இந்த வாய். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே, “போக மாட்டேன் மேம்,” என்றது. ஜன்னலோரத்துப் பெண் நிமிர்ந்து பார்த்தாள், மேடத்துக்கு என்ன ஆச்சு என்று. ஒன்றுமில்லை எழுது என்று கையசைத்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தியில் துடைத்தாள். கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது.

ஒரு மணி அடித்தது. தாள்களை வாங்கி எண்களை வரிசைப்படுத்திக் கொடுத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வடிவைக் கூப்பிட்டாள், அம்மாதான் எடுத்தாள், எடுத்து மகளிடம் கொடுத்தாள். “மேம். அனுப்பியாச்சா?” “இல்லட்டி.” “என் பேர...” “எடுக்கல. எடுக்கவா? நீ சொல்லு. போன தடவ நான் சொன்னேன், இந்தத் தடவ நீ சொல்லுததுதான்.” அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. வடிவு பேசினாள், மெதுவாக, ஆனால் லேபில் பேசுகிற குரலில். “மேம், ரெண்டாவது டேபிள்ல புரட்டாசிக்கு இருநூத்திப் பன்னெண்டு சினை நண்டுன்னு போட்டிருக்கோம்லா. அது தப்பு. இருநூத்திப் பதினொண்ணுதான்.” “எப்படிச் சொல்லுத?” “ஒண்ண ரெண்டு தடவ அளந்திருக்கேன். இடது பக்கம் கால் ஒடிஞ்ச நண்டு, அதே அகலம், ரெண்டு இடத்துல எழுதியிருக்கு. நேத்துத்தான் பாத்தேன்.” “அளவு நோட்டு உங்கிட்டயா இருக்கு?” “எல்லாத்தையும் அப்பா எடுத்துட்டு வந்தாவ. நோட்ட மட்டும் நான் குடுக்கல மேம்.” அமலோற்பவம் பேனாவை எடுத்து உள்ளங்கையில் இருநூற்றுப் பதினொன்று என்று எழுதிக்கொண்டாள். “சதவீதமும் மாறும் மேம். பாயிண்டுக்கு அப்புறம்.” “மாத்துதேன். வடிவு, பேரு? பேர என்ன செய்ய?” “அப்பா வாராவ மேம்.” அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

கட்டுரையைத் திறந்தாள். இரண்டாம் அட்டவணையில் பன்னிரண்டை அழித்துப் பதினொன்று போட்டாள். சதவீதத்தைத் திருத்தினாள். ஆறாயிரத்தில் ஒரு நண்டு, யாருக்கும் தெரிந்திருக்காது, உன் தாத்தன் வந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டான். தூக்கத்தில்கூட அதை எண்ணிப் பார்க்கிறவளிடம்தான் நீ நம்பும்படியாக இல்லை என்றாய். பிறகு மேலே போய் முதல் வரியில் நின்றாள். மு. சண்முகவடிவு. அழிக்கவுமில்லை, பக்கத்தில் யாரையும் எழுதவுமில்லை. வடிவு சொல்லாமல் இனி அந்தப் பேரில் ஒரு புள்ளியைக்கூடத் தொட மாட்டாள். மணி இரண்டு. இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது, வடிவு மறுபடி கூப்பிடாவிட்டால் ஐந்து மணிக்கு இருக்கிறபடியே ஏறும், இதற்கு மேல் இவள் செய்யக் கூடியது ஒன்றுமே இல்லை. செய்ய வேண்டியவன் நீ. கட்டுரையை ஏற்றுக்கொள்ளாதே, போகட்டும், அதைப் பற்றி உன்னோடு பேரம் பேச வரவில்லை. ஒரு தாள் எடு. முதலில் உன் பேரை எழுது, இனிஷியல் இல்லாமல், முழுசாக. அந்தத் துறைமுகத்தில் எந்த ஆணும் இல்லை, அப்படிக் கேட்டது என் புத்தி, அந்தப் பெண்ணின் குற்றமில்லை என்று எழுது. பத்திரிகைக்கு அனுப்பாதே, எனக்கும் அனுப்பாதே. திரு. முத்துவேல், உப்பள மேஸ்திரி, முள்ளக்காடு, தூத்துக்குடி என்று விலாசம் போடு. இங்கிலீஷிலேயே எழுது, அதை வாசித்துத் தமிழில் சொல்ல அந்த வீட்டில் ஆள் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில், எல்லார் முன்னாலும், சொல்லட்டும். தை பதினாறு கல்யாணம். அதற்குள் எழுது. எழுதுடா.